பொறிபெயர்ப்பு மீட்பு: வேறு வன்பொருளில் காப்புநகலை இயங்கவைக்கும் பணிக்கு ஒரு சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு கணினியில் எடுத்த முழுக் காப்புநகலை (இயங்குதளமும் கோப்புகளும் அடங்கிய ‘பேக்கப்’), வேறு தாய்ப்பலகையும் வேறு வட்டுக் கட்டுப்படுத்தியும் கொண்ட இன்னொரு கணினியில் இறக்கி இயங்கவைக்கும் பணிக்குத் தனிச்சொல் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது ராணிப்பேட்டையில், ஒரு தோல் பதனிடும் ஆலையின் கணக்கு அறையில். பழைய கணினியின் தாய்ப்பலகை எரிந்துபோயிருந்தது. காப்புநகல் பழுதின்றி இருந்ததால் அன்று மாலைக்குள் வேலை முடிந்துவிடும் என்று அவர்களிடம் உறுதி கூறியிருந்தேன். புதிய கணினியில் நகல் முழுமையாக ஏறியது; ஆனால் விண்டோஸ் 7 தொடங்கும்போதே நீலத்திரை தோன்றி, ‘7பி’ என முடியும் பிழை எண்ணைக் காட்டி நின்றுவிட்டது. வட்டோடு தரவைப் பரிமாறும் முறைகளில், பழைய கணினி ஐடிஇ என்பதையும் புதியது ஏஎச்சிஐ என்பதையும் கையாண்டன. ஏஎச்சிஐக்கு உரிய இயக்கி (வன்பொருளோடு இயங்குதளத்தை இணைக்கும் மென்பொருள்) தொடக்க நிலையில் முடுக்கப்படாமல் இருந்ததால், இயங்குதளத்தால் தான் குடியிருக்கும் வட்டையே படிக்க இயலவில்லை. வேலூர்ப் பக்கத்துப் பழுதுநீக்கும் கடைகளில் இந்நிலையை “இமேஜ் ஏறிடுச்சு, ஆனா பிடிக்கல” என்பார்கள். நாற்று வேர் பிடிக்காததைச் சொல்லும் அதே வினை, மிகப் பொருத்தமானது.

இப்பணியை வெறுமனே ‘மீட்டமைத்தல்’ என்று எழுதுவதை நான் ஏற்கவில்லை. கைப்பேசி அமைப்புகளில் ‘மீட்டமை’ என்பது எல்லாவற்றையும் அழித்து ஆலைநிலைக்குக் கொண்டுபோகும் கட்டளையாகப் பழகிவிட்டது. தரவைக் காக்க வந்த சொல், தரவை அழிக்கும் சொல்லோடு குழம்பக் கூடாது.

‘வெற்றுலோக மீட்பு’ என்பது பேர் மெட்டல் ரெஸ்டோர் என்னும் ஆங்கிலத் தொடரை அப்படியே பெயர்த்தது. அது தமிழ்க் காதுக்கு உலோகத் தொழிலை நினைவூட்டுவது ஒருபுறமிருக்க, பொருளிலும் விலகிவிடுகிறது. இயங்குதளம் எதுவும் இல்லாத வட்டில் மீட்பதையே அத்தொடர் குறிக்கிறது. பழைய கணினியிலேயே புதிய வட்டைப் பொருத்தி மீட்டாலும் அது பொருந்தும். அதற்கு ‘வெற்றுப்பொறி மீட்பு’ போதும். நமக்கு வேண்டியது, பொறி, அதாவது கணினி, வேறாகிவிட்டது என்பதைச் சொல்லும் சொல்.

‘மாற்று மீட்பு’ என்பதும் சரிவராது. மீட்பதற்கான இன்னொரு வழி என்றே பலரும் அதைப் புரிந்துகொள்வர். தவிரவும், 1971இல் வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் நடந்த சிறுநீரக மாற்று அறுவையை அறிந்த வேலூர்க்காரருக்கு ‘மாற்று’ என்றால் ஓர் உறுப்பு இடம் மாறுவதே நினைவுக்கு வரும். இங்கோ முழு அமைப்பும் பெயர்கிறது.

கூடுவிட்டுக் கூடு பாய்தலை ஒட்டிய ‘கூடுபாய் மீட்பு’ நெஞ்சில் நிற்கும் சொல்தான். நானும் சில நாள் அதிலேயே மனம் வைத்திருந்தேன். ஆனால் சித்தர் கதைகளில், பாய்ந்த உயிர் தன் இயல்பு மாறாமல் புதிய உடலை எழுப்பிவிடுகிறது. நம் பணியில் அவ்வாறு நிகழ்வதில்லை. புதிய பொறிக்கு ஏற்ப அமைப்பே தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும். லினக்சிலும், பழைய கணினிக்கு வேண்டிய கூறுகளை மட்டும் வைத்து இனிட்ராம்எஃப்எஸ் (தொடக்கத்தின்போது நினைவகத்தில் ஏறும் சிறு கோப்பமைப்பு) உருவாக்கப்பட்டிருந்தால், புதிய வன்பொருளுக்காக அதை மீண்டும் உருவாக்க வேண்டியிருக்கும்.

சொல்லப்பட்ட பொருள் மாறாமல், ஏற்கும் மொழியின் இலக்கணத்துக்கு இணங்கி வடிவம் மாறுவதை மொழிபெயர்ப்பு என்கிறோம். அதே போக்கில் ‘பொறிபெயர்ப்பு மீட்பு’ என்னும் சொல்லை முன்மொழிகிறேன். கோப்புகளும் அமைவுகளும் அப்படியே இருக்கின்றன. வன்பொருளைத் தொடும் பகுதி மட்டும் புதிய பொறிக்கு இணங்குகிறது. “காப்புநகலைப் பொறிபெயர்த்து மீட்டேன்” என்று வினையாகவும் தடையின்றி வருகிறது.

‘பொறிபெயர் மீட்பு’ என்று சுருக்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள். ‘பொறிப்பெயர்’ என்று ஒற்று மிக்கால் பொறியின் பெயர் என்றாகிவிடும். வலையமைப்பில் கணினிகளுக்குப் பெயர் சூட்டுவோர் உடனே குழம்புவர். ‘பெயர்ப்பு’ என்று முழுமையாக எழுதினால் அந்த ஐயம் எழாது. இயந்திர மொழிபெயர்ப்போடு மயங்குமோ என்ற கேள்விக்கு, ‘மொழி’ இல்லாததும் ‘மீட்பு’ தொடர்ந்து வருவதுமே விடை.

இன்னும் ஒரு சொல் மீதமிருக்கிறது. இயங்காத நிலையில் உள்ள நகலுக்குள் புதிய இயக்கியை வெளியிலிருந்து சேர்க்கும் படிக்கு ‘இயக்கி ஊட்டல்’ என்று குறித்து வைத்திருக்கிறேன். ‘செருகல்’ என்றால் நினைவுக்குச்சியைச் செருகுவதோடு கலந்துவிடுகிறது. இதைவிடப் பொருத்தமான வினை இருப்பின் தெரிவியுங்கள்.

அன்புடன்,
காட்பாடியிலிருந்து