பாரிஸில் பிரெஞ்சுப் புரட்சி: குறுகிய காலப் படிப்புக்குப் போகிறேன், எங்கே தொடங்குவது?

கேள்வி – முதுகலை மாணவி
எம்.ஏ. வரலாறு. கோடையில் துறை மூலமாகப் பாரிஸ் போகிறோம். காலையில் வகுப்பு, மதியத்துக்கு மேல் நம் இஷ்டம். திரும்பியதும் 1789–94 பற்றிக் கட்டுரை தர வேண்டும். பாஸ்டில் சிறையில் தொடங்கலாமா? பிரெஞ்சு அரைகுறைதான்.

பதில் – கற்சுவர்
பாஸ்டிலில் சிறையைத் தேடாதீர்கள். 1789லேயே இடிக்கத் தொடங்கிவிட்டார்கள். சதுக்கத்தில் நிற்கும் தூண்கூட 1830 புரட்சிக்கு எழுப்பியது. கோட்டையைப் பார்த்தே தீர வேண்டுமென்றால் மெட்ரோ 5ஆம் தடத்து நடைமேடைக்கு இறங்குங்கள். அகழிச் சுவரில் ஒரு துண்டு தெரியும். இடித்த கற்களில் ஒரு பங்கு கான்கார்ட் பாலத்துக்குப் போனது.

கன்சியேர்ஜெரி சிறையில் அரசி மரி அந்துவானெத் அடைபட்ட இடத்தில் இன்று இருப்பது 18ஆம் லூயி கட்டிய நினைவுச் சிற்றாலயம். மன்னராட்சி திரும்பிய கையோடு வந்தது. சிறையைப் பார்க்கப் போகிறவர்கள் அரச குடும்பத்தின் துக்கத்தைத்தான் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

என்னைக் கேட்டால் பிக்பூஸ் கல்லறைத் தோட்டம். பிற்பகலில்தான் திறப்பார்கள், உங்களுக்குத் தோதுதான். 1794 ஜூன் 14 முதல் ஜூலை 27 வரை, இன்றைய நாசியோன் சதுக்கத்தில் கில்லட்டினுக்குப் பலியான 1306 பேர் அங்கே இரண்டு குழிகளில் கிடக்கிறார்கள். சிற்றாலயச் சுவரில் பெயர், வயது, தொழில். நிதானமாகப் படியுங்கள். பிரபுக்களைத்தான் வெட்டினார்கள் என்ற நினைப்பு அங்கே அடிபட்டுப் போகும். பாதிக்கு மேல் சாமானியர்கள். கொம்பியேனின் கார்மேல் சபைக் கன்னியர் 16 பேர் ஜூலை 17 அன்று வெட்டப்பட்டார்கள். பத்தே நாளில் அந்தப் பயங்கர ஆட்சியின் முக்கியத் தலைவர் ரொபஸ்பியர் கவிழ்ந்தார்!

புரட்சியின் தொடக்கத்தில் தேசியக் காவல்படைத் தளபதியாக இருந்த லாஃபாயெத்தின் கல்லறையும் அங்கேதான். அவர் மனைவியின் பாட்டி, தாய், சகோதரி மூவரும் அந்தக் குழிகளில் இருக்கிறார்கள். 1789இன் நாயகன் எதற்கு இங்கே என்று இனி கேட்க மாட்டீர்கள்.

பதில் – நூலகவாசி
க்ளூனி அருங்காட்சியகத்தை விட்டுவிட்டீர்களே! நோத்ர தாம் பேராலய முகப்பில் இருந்த விவிலியத்து யூதேய அரசர் சிலைகளைப் பிரெஞ்சு மன்னர்கள் என்று நினைத்து 1793இல் தலையைத் தட்டினார்கள். 1977இல் 21 தலைகள் மண்ணுக்கடியில் கிடைத்தன. மூக்குடைந்த அந்த முகங்களை நேருக்கு நேர் பார்க்கலாம்.

முதுகலை மாணவி
பிக்பூஸ் கேள்விப்பட்டதே இல்லை, நன்றி. அந்தச் சுவரை வைத்தே தலைப்பை முடிவு செய்கிறேன். வெர்சாய் போகலாமா?

பதில் – கற்சுவர்
அரண்மனை வரிசையில் நின்று அரை நாளைத் தொலைக்க வேண்டாம். 1789 ஜூன் 20இல், அரசியலமைப்பு உருவாகும்வரை கலைய மாட்டோம் என்று மக்கள் பிரதிநிதிகள் உறுதிமொழி எடுத்த பந்தாட்டக் கூடம் தனியாக ஊருக்குள் இருக்கிறது, அதைப் பாருங்கள். கிளம்பும் முன் பிரெஞ்சு தேசிய நூலகத்தின் காலிக்கா இணையதளத்தில் அக்காலத்துத் துண்டுப்பிரசுரங்களைப் புரட்டுங்கள், இலவசம். பழைய அச்சில் 'எஸ்' பல இடங்களில் 'எஃப்' போலத் தெரியும். அது பழகிவிட்டால் அரைகுறைப் பிரெஞ்சே போதும்.