11ஆம் வகுப்புப் பொதுத்தேர்வை நீக்கியது சரியா, தப்பா?

சேலத்து_அப்பா: நேற்று நீட் பற்றிய விவாதத் திரியில் ஒருவர் "11ஆம் வகுப்புப் பொதுத்தேர்வு இருந்தவரைக்கும்தான் தனியார் பள்ளிகள் 11ஆம் வகுப்புப் பாடத்தை நடத்தின, 2025இல் அதை ரத்து செய்ததும் 11ஐ விட்டுவிட்டு 12ஐ நடத்தும் பழைய திருட்டு திரும்பிவிட்டது" என்று தீர்ப்பு எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. என் மகன் அந்தத் தேர்வு இருந்த காலத்தில் படித்தவன்தான். 11இல் சேர்ந்து ஜூலை பிறப்பதற்குள் 12ஆம் வகுப்பு அணிகள் பாடத்தை ஆரம்பித்துவிட்டார்கள். 11ஆம் வகுப்பு இயற்பியல் புத்தகம் கடைசிவரை மடிப்புக் கலையாமல் கிடந்தது. தேர்வுக்கு முன்னால் ஒரு கைடைக் கொடுத்து, ஒரு மார்க் கேள்விகளை உருப்போடச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

ஓய்வு_வாத்தியார்: எழுதியது நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாமே, எதற்கு இந்த மறைமுகம்? 31 வருடம் இயற்பியல் நடத்தியவன் சொல்கிறேன், 2018 மார்ச்சில் முதல் தேர்வு நடந்தபோது எத்தனை பள்ளிகள் அலறின தெரியுமா? அதுவரை சுழற்சி இயக்கம், வெப்ப இயக்கவியல் எல்லாம் பையன்கள் கண்ணில் படாத சங்கதி. வெளி ஆள் கேள்வித்தாள் எடுத்து, வெளி ஆள் விடைத்தாள் திருத்தினால்தான் பள்ளிக்கூடம் பயப்படும்.

சேலத்து_அப்பா: அந்தப் பயம் எத்தனை மாதம் இருந்தது? 2018 செப்டம்பரிலேயே "கல்லூரிச் சேர்க்கைக்கு 12ஆம் வகுப்பு 600 மதிப்பெண் மட்டும் போதும்" என்று அரசு சொல்லிவிட்டதே! கணக்கில் வராத மார்க்குக்கு எவன் பாடம் நடத்துவான்? இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

ஓய்வு_வாத்தியார்: கணக்கில் வராவிட்டாலும் பெயில் பெயில்தான் ஐயா. அரியரோடு 12க்குப் போக எந்தப் பெற்றோர் சம்மதிப்பார்கள்? அந்தக் கட்டாயத்திலாவது நடத்தினார்கள். இப்போது அதுவும் இல்லை, பள்ளியே கேள்வி எடுத்து, பள்ளியே திருத்தி, பள்ளியே பாஸ் போடும். அப்புறம் நீட்டில் பாதிக் கேள்வி 11ஆம் வகுப்புப் பாடத்திலிருந்து வந்தால் பிள்ளை முழிக்கும், நீங்கள் கோச்சிங் சென்டர் வாசலில் நிற்பீர்கள்.

சேலத்து_அப்பா: எழுத்துத் தேர்வில் 70க்கு 15 எடுத்தால் போதும், மீதி 20ஐச் செய்முறையிலும் பள்ளியே போடும் அகமதிப்பீட்டிலும் தேற்றி 35 போட்டுவிடலாம். அந்த அகமதிப்பீட்டு 10 மார்க்கை வாரி வழங்கியது யார்? உங்களை மாதிரி வாத்தியார்கள்தானே? 2018 செப்டம்பருக்குப் பதில் இன்னும் வரவில்லை.

அரசுப்பள்ளி_டீச்சர்: உங்கள் இரண்டு பேர் சண்டையில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் யார் ஞாபகத்துக்கும் வரவில்லை போலிருக்கிறது. 10, 11, 12 என்று மூன்று வருடம் வரிசையாகப் பொதுத்தேர்வு. 11இல் இரண்டு பாடம் போன பிள்ளை, 12ஆம் வகுப்புப் பாடத்தோடு சேர்த்து அரியரையும் சுமக்கும், கணிதம் போனவள் என்றால் பாதியிலேயே வராமல் நின்றுவிடுவாள். சில தனியார் முதலாளிகள் பாடம் நடத்தாததற்கு இவர்களுக்கு ஏன் தண்டனை?

நாமக்கல்_நந்து: தனியார் பள்ளி என்றாலே எங்கள் ஊரைத்தானே குத்துகிறீர்கள்? பிள்ளைகளை விடுதியில் அடைத்து உருப்போட வைக்கிறோம், பிராய்லர் கோழி வளர்க்கிறோம் என்று கிண்டல் செய்தவர்கள்தான் ஜூன் மாதம் விடுதி இடத்துக்கு சிபாரிசு தேடி வந்தீர்கள்.

விருதை_வீரன்: விடுதியில் பூட்டி வைக்காமலே 2017லும் 2018லும் ப்ளஸ் டூ தேர்ச்சி விகிதத்தில் எங்கள் விருதுநகர்தான் முதலிடம். சும்மா சொன்னேன்.

நாமக்கல்_நந்து: தேர்ச்சி விகிதத்தை வைத்தா பெருமை? நீட் வருவதற்கு முன்னால், ப்ளஸ் டூ மார்க்கை வைத்து மெடிக்கல் சீட் கொடுத்த காலத்தில், கட்-ஆஃப் 200க்கு எத்தனை எடுத்தீர்கள் என்று சொல்லுங்கள். அது போக, 2025இல் முதலிடம் அரியலூர், மறந்துவிட்டதா?

ஓய்வு_வாத்தியார்: ஊர்ப் பெருமையை வேறு திரியில் வைத்துக்கொள்ளுங்கள். டீச்சர் அம்மா, உங்கள் இரக்கம் புரிகிறது, ஆனால் தேர்வை நீக்கியதால் அந்தப் பிள்ளைக்குக் கணிதம் வந்துவிடுமா? 11இல் வகையிடல் தெரியாமல் போனால் 12இல் தொகையிடல் எப்படி ஏறும்? காய்ச்சல் இருக்கிறது என்று காட்டுகிற தெர்மாமீட்டரை உடைத்துவிட்டு, காய்ச்சல் போய்விட்டது என்கிறீர்கள்.

அரசுப்பள்ளி_டீச்சர்: வகையிடல் சொல்லித்தர எங்கள் பள்ளியில் கணிதத்துக்கு நிரந்தர ஆசிரியர் கிடையாது சார். அதை எந்தத் தெர்மாமீட்டர் காட்டியது?

ஓய்வு_வாத்தியார்: அது நிர்வாகப் பிரச்சினை, இங்கே பேசுவது தேர்வைப் பற்றி.

சேலத்து_அப்பா: 2018 செப்டம்பர்.

ஓய்வு_வாத்தியார்: கிளிப்பிள்ளை மாதிரி அதையே சொல்லாதீர்கள். சேர்க்கைக்குச் சேர்க்காதது அரசின் தவறு, தேர்வின் தவறு இல்லை. போன மாதம் செமஸ்டர் திரியிலும் இப்படித்தான் ஒரே வரியைப் பிடித்துத் தொங்கினீர்கள்.

சேலத்து_அப்பா: அங்கேயும் நீங்கள் பதில் சொல்லவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

விருதை_வீரன்: நந்து, கட்-ஆஃப் கணக்கு தேடிக்கொண்டிருக்கிறேன், ஓடிவிடாதீர்கள்.