காம்போசிட் ஓரத்துல வெள்ளைக் கோடு, கொஞ்ச நாள்ல பிரவுன் ஆகுது, ஏன்?

புதுகிளினிக்: சீனியர்ஸ் ஹெல்ப் ப்ளீஸ். கிளாஸ் 2 (கடவாய்ப்பல்லோட பக்கவாட்டுக் குழி) காம்போசிட், அதாவது பல் கலர் ரெசின் ஃபில்லிங், போட்டு பாலிஷ் முடிச்சு, கழுவி காய வச்சுப் பாத்தா ஓரத்தை ஒட்டி மெல்லிசா ஒரு வெள்ளைக் கோடு. சில மாசம் கழிச்சு அதே பேஷண்ட் வந்தா அந்த எடம் பிரவுனா இருக்கு, எக்ஸ்ப்ளோரர் (கூரான சோதனைக் கம்பி) லேசா மாட்டுது. ரப்பர் டேம் (எச்சில் படாம தடுக்கற ரப்பர் ஷீட்) உண்டு, யுனிவர்சல் பாண்டிங் (ஒட்டவைக்கற திரவம்) செல்ஃப் எட்ச் மோட், அதாவது தனியா ஆசிட் வைக்காம, 2 மி.மீ. லேயர், ஒவ்வொண்ணையும் கெட்டியாக்க 20 செகண்ட் லைட். பாண்டிங் பிராண்டை மாத்தணுமா?

எண்டோபைத்தியம்: பிராண்டை விடுங்க டாக்டர், செல்ஃப் எட்ச்தான் எனக்கு இடிக்குது. யுனிவர்சல்ல இருக்க ஆசிட் ரொம்ப மைல்டு, டென்டினுக்கு (பல்லோட உள்பகுதி) ஓகே, எனாமலுக்கு (வெளிப்பூச்சு) பத்தாது. எனாமல் ஓரத்துக்கு மட்டும் 37% பாஸ்பாரிக் ஆசிட் 15 செகண்ட் வச்சு நல்லா கழுவுங்க, காய வச்சா சாக்பீஸ் மாதிரி மங்கித் தெரியணும், தெரியலன்னா பாண்டிங் பாட்டிலைத் தொறக்கவே தொறக்காதீங்க. பாண்டிங்கையும் சும்மா தடவி விடாம 20 செகண்ட் தேய்ச்சுட்டு, ஏர் அடிக்கும்போது அது அலையறது நிக்கற வரைக்கும் அடிங்க, சால்வென்ட் (கரைப்பான்) உள்ள தங்குனா லேயர் வீக் ஆயிடும்.

பர்_பிடிச்சவன்: மேல சொன்னது பிரவுன் கோட்டுக்கு சரி. பாலிஷ் முடிஞ்ச உடனே வெள்ளையா தெரியறது பெரும்பாலும் எனாமலே ஓரத்துல நுணுக்கமா உடைஞ்சிருக்கறது. காம்போசிட் செட் ஆகும்போது 2–3% சுருங்கும், பாண்ட் நல்லா பிடிச்சிருந்தா எனாமலையே இழுத்துப் பிச்சிடும். அது பத்தாதுன்னு நாம கரடுமுரடான டைமண்ட் பர்ரை (டிரில் முனை) தண்ணி இல்லாம ஓட்டுறோம். ஃபைன் பர், தண்ணியோட, லேசான கை, காம்போசிட்லேர்ந்து பல்லைப் பாத்து ஓட்டுங்க. லேயரை, குழியோட எதிரெதிர் செவுத்த ஒரே நேரத்துல தொடாம சரிவா வைங்க.

புதுகிளினிக்: அப்போ ஓரத்துல பெவல் குடுத்தா, அதாவது எனாமல் ஓரத்தைச் சரிவா செதுக்குனா?

பர்_பிடிச்சவன்: முன்பல்லுக்குக் கண்டிப்பா. கடவாய்ப்பல் மேல்பக்கம் வேணாம், காம்போசிட் அங்க மெலிசாகி கடிக்கும்போது உடையும்.

லைட்மீட்டர்: யாரும் லைட்டைப் பத்திப் பேசலயே?! கிளாஸ் 2 பாக்ஸோட (பக்கவாட்டுக் குழி) தரை லைட் டிப்லேர்ந்து 6–7 மி.மீ. கூட இருக்கும், அவ்ளோ தூரத்துல பல லைட்டோட பவர் நல்லாவே குறையுது. முதல் லேயர் 1 மி.மீ. போதும், அதுக்கும் அடியில இருக்க பாண்டிங்குக்கும் கூடுதல் நேரம் குடுங்க. மேட்ரிக்ஸ் (பல்லைச் சுத்திக் கட்டுற பட்டி) எடுத்த பிறகு கன்னப்பக்கமும் நாக்குப்பக்கமும் ஒருதடவை. டிப்புல பழைய காம்போசிட் ஒட்டியிருக்கான்னும் பாருங்க, நெறைய கிளினிக்ல இருக்கும், யாரும் பாக்கறதில்ல.

எண்டோபைத்தியம்: ஆமா, ஈறுக்குக் கீழ போய் எனாமலே இல்லாத ஓரம்னா எந்த பாண்டிங்கும் ரொம்ப நாள் தாங்காது, நான் அங்க ரெசின் மாடிஃபைட் கிளாஸ் அயனோமர் (பல்லோட தானே ஒட்டுற சிமெண்ட் வகை) வச்சு மேல காம்போசிட். சிலர் ஒத்துக்க மாட்டாங்க, பரவால்ல.

புதுகிளினிக்: ஏற்கனவே பிரவுன் ஆனதை எல்லாம் தோண்டணுமா?

பர்_பிடிச்சவன்: அய்யோ வேணாம். கறை வேற, சொத்தை வேற. முதல்ல பாலிஷ் பண்ணிப் பாருங்க. போகலன்னா, எக்ஸ்ரேல ஒண்ணும் இல்லாம ஓரம் கெட்டியா இருந்தா, அந்தக் கோட்டை மட்டும் எட்ச் பண்ணி (ஆசிட் வச்சு) ஃபில்லர் துகள் இல்லாத தண்ணியான ரெசின் தடவி லைட் அடிங்க, புதுசா போடுறதுக்கும் பாலிஷ் முடிஞ்சதும் இதையே பண்ணலாம். ஓரம் மெத்துன்னு இருந்தா மட்டும் தொறங்க, அதுவும் அந்த எடத்தை மட்டும்.