34,000 ரூபாய் டயர் நம் சாலைக்குத் தேவையா?

கொல்லிமலைக் காற்று:

ஐந்து ஆண்டுகளாக கவாஸாகி நின்ஜா 650 பைக் ஓட்டுகிறேன். ஊர் நாமக்கல். வண்டியில் இப்போது இருப்பது மூன்றாவது ஜோடி டயர்: மிஷெலின் ரோடு 5. அளவு முன்னால் 120/70, பின்னால் 160/60, இரண்டும் 17 அங்குலம். ஜோடிக்கு 34,000 ரூபாய் ஆனது. எனக்கு அது சிறிய தொகை அல்ல. அதனால்தான் 9,000 கி.மீ. ஓடி முடித்த பிறகு எழுதுகிறேன்.

சென்ற அக்டோபரில் கொல்லிமலையிலிருந்து மாலை ஐந்தரைக்கு இறங்கினேன். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் நாற்பதுக்கு மேல் ஈரத்தில் இறங்கியிருப்பேன். முந்தைய ஜோடியில் இதே இறக்கத்தில் முன் சக்கரம் இரண்டு முறை வழுக்கியது. இரண்டாவது முறை காலை ஊன்றித்தான் தப்பினேன். இந்த முறை தரை எப்படி இருக்கிறது என்பது ஒவ்வொரு வளைவிலும் கைப்பிடி வழியே கைக்கு எட்டியது. எங்கே பாசி படிந்திருக்கிறது, எங்கே மண் கரைந்து ஓடுகிறது என்று முன்கூட்டியே உணர முடிந்தது. அடிவாரத்தில் காரவள்ளி வந்து சேர்ந்தபோது தோள்பட்டை வலிக்கவில்லை. மழையில் பயந்து ஓட்டியவர்களுக்கு அந்த வலி எது என்று தெரியும்.

'நம் ஊரில் மழை எத்தனை நாள் பெய்கிறது, இந்த விலை எதற்கு?' என்று பலரும் கேட்கிறார்கள். விழுவதற்கு ஒரு நாள் போதும். மலை ஏறுகிறவர்கள் ஸ்போர்ட் டூரிங் டயர்தான், அதாவது நெடும்பயணத்துக்கும் வளைவுக்கும் சேர்த்துச் செய்த டயர்தான், போட வேண்டும் என்பது என் முடிவு. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

நாற்கரச் சாலை:

மறுக்கிறேன். காரணம் என் வண்டியின் பின் சக்கரத்திலேயே இருக்கிறது.

வாரத்துக்கு ஒரு முறை சென்னையிலிருந்து மதுரை போய்த் திரும்புகிறேன். போக வர 900 கி.மீ.க்கு மேல். நானும் ஒரு ஐரோப்பிய ஸ்போர்ட் டூரிங் ஜோடி போட்டேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். குறை அந்த ஒன்றில் மட்டும் இல்லை. 8,000 கி.மீ. தாண்டியதும் பின் டயரின் நடு தட்டையாகிவிட்டது. ஓரத்தில் பட்டன் (தரையைப் பிடிக்கும் ரப்பர் மேடு) புதிது போல நிற்கிறது, நடுவில் பலகை. அப்படிப்பட்ட டயரில் வண்டியைச் சாய்த்தால் முதலில் சாயவே மறுக்கும், பிறகு திடீரென்று விழும். அந்த விளிம்பைத் தாண்டும் கணம் ஒவ்வொரு முறையும் வயிற்றைப் பிசையும்.

பிறகு பின்னால் யூரோகிரிப் ரோட்ஹவுண்ட் போட்டேன். மதுரைக்குப் பக்கத்தில் வெள்ளரிப்பட்டியில் ஆலை வைத்திருக்கும் டிவிஎஸ் ஸ்ரீசக்ராவின் டயர். ரேடியல்தான் (உள்ளே நூல்கள் விளிம்பிலிருந்து விளிம்புக்கு நேர்குறுக்காக ஓடும் வகை), அதுவும் ஸ்போர்ட் டூரிங் வகைதான். எனக்கு விலை ஏறக்குறைய பாதி. இரண்டு மழைக்காலம் பார்த்துவிட்டேன், ஒரு முறையும் வழுக்கவில்லை. ஒரு விலையுயர்ந்த டயரை மொட்டையாகும் வரை இழுப்பதைவிட, பாதி விலை டயரை இரண்டு முறை மாற்றுவது நல்லது. தேய்ந்த உயர்தர டயரைவிடப் புதிய நடுத்தர டயர் ஈரத்தில் நன்றாகவே நிற்கும்.

கொல்லிமலைக் காற்று:

உங்கள் கணக்கு நேர்ச்சாலைக் கணக்கு. நீங்கள் ஓரத்தைத் தொடுவதே இல்லை. அதனால் ஓரத்துக்குக் கொடுத்த பணம் வீண் என்று தோன்றுகிறது. இந்த வகை டயரில் நடுவில் கெட்டி ரப்பர் கலவையும் ஓரத்தில் மென்கலவையும் வைப்பது எதற்காக? நெடுஞ்சாலையில் நடு தாங்க வேண்டும், வளைவில் ஓரம் பிடிக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

தேய்ந்த டயர் பற்றிச் சொன்னீர்கள். ரோடு 5 2018இல் வந்தபோது நிறுவனம் முன்வைத்த வாதமே அதுதான்: சுமார் 5,600 கி.மீ. ஓடிய ரோடு 5, முந்தைய தலைமுறையான பைலட் ரோடு 4 புதிதாக இருக்கும்போது ஈரத்தில் எவ்வளவு தூரத்தில் நிற்குமோ அதே தூரத்தில் நிற்கும் என்றார்கள். தண்ணீர் வெளியேற அதில் வெட்டியிருக்கும் கீறல்கள் மேலே குறுகலாகவும் அடியில் அகலமாகவும் இருக்கின்றன. தேயத் தேயத் தண்ணீருக்கு இடம் கூடுகிறது. 9,000 கி.மீ.யில் என் டயரைக் குனிந்து பார்க்கிறேன். கீறல்கள் இன்னும் வாய் திறந்தே இருக்கின்றன.

நாற்கரச் சாலை:

அது நிறுவனம் தன் டயரைத் தானே சோதித்துச் சொன்ன கணக்கு. மே மாதத்தில் திருச்சிக்கும் விராலிமலைக்கும் நடுவே மதியம் இரண்டு மணிக்குத் தார் எப்படிக் கொதிக்கும் என்று அந்தச் சோதனைக்குத் தெரியாது. குளிர்நாட்டுக் கலவை நம் வெயிலில் அழிப்பான் போலத் தேய்கிறது.

ஆனைமலை:

இருவரும் பிராண்டைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் விழுந்த கதையைச் சொல்கிறேன், அதில் பிராண்டுக்கு வேலையே இல்லை.

பொள்ளாச்சியில் இருக்கிறேன். டியூக் 390, வால்பாறைக்கு மாதம் மூன்று முறையாவது ஏறுவேன். ஆழியாறிலிருந்து நாற்பது வளைவுகள். சின்னக்கல்லாறு பக்கம் தென்மேற்குப் பருவமழை எப்படிக் கொட்டும் என்று தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் 'புத்தம் புதியது' என்று சொல்லி வெளிநாட்டு டயர் ஒன்றை முன்னால் மாட்டினார்கள். பட்டனில் முளைமயிர்கூட (புது டயரில் நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் இழை) உதிரவில்லை. பார்க்க அவ்வளவு அழகு. ஜூலையில், லோம்ஸ் வியூ இருக்கும் ஒன்பதாவது வளைவுக்கு ஒரு வளைவு முன்னால், லேசான தூறலில், மெதுவாகப் போகும்போதே முன் சக்கரம் வழுக்கிப் போய்விட்டது. மணிக்கட்டு எலும்பு விரிசல். ஆறு வாரம் வண்டி தொடவில்லை.

கட்டோடு வீட்டில் உட்கார்ந்திருந்தபோதுதான் டயரின் பக்கவாட்டு எண்ணைப் பார்த்தேன். கடைசி நான்கு இலக்கங்கள் 2218. அதாவது 2018ஆம் ஆண்டின் 22ஆவது வாரம். கடை அலமாரியிலேயே ஐந்து வயது ஆன டயர். ரப்பர் இறுகிப்போயிருந்தது, நகத்தால் அழுத்தினால் தடம் விழவில்லை.

2020 ஜூனில் மத்திய அரசு டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. புதிய சரக்கு எளிதில் வராவிட்டால் பழைய சரக்கே கடையில் தங்கும். அதனால் வெளிநாட்டு டயர் வாங்குகிறவர்கள் பிராண்டைப் பார்ப்பதற்கு முன் வாரத்தைப் பார்க்க வேண்டும். நீங்கள் இருவரும் உங்கள் டயரின் நான்கு இலக்கத்தைச் சொல்லுங்கள், பிறகு பேசலாம்.

நாற்கரச் சாலை:

சகோதரி, கை இப்போது நன்றாக இருக்கிறதா?

நீங்கள் சொன்னது என் பக்கத்து வாதம். உள்ளூரில் செய்த டயர் கடைக்குப் புதிதாக வருகிறது.

ஆனைமலை:

கை நன்றாக இருக்கிறது, நன்றி. ஆனால் அது உங்கள் பக்கத்து வாதம் இல்லை. உள்ளூர் டயரையும் மூன்று ஆண்டு அலமாரியில் வைக்கக் கடைகள் உண்டு. எண்ணைச் சொல்லுங்கள்.

கொல்லிமலைக் காற்று:

எனக்கு இரண்டும் ஒரே வாரம்: 3523. வாங்கும்போதே பார்த்துத்தான் எடுத்தேன்.

டயர்க்கடை மதுரை:

தம்பிகளே, தங்கையே, 22 ஆண்டுகளாக டயர் கழற்றி மாட்டுகிறேன். ஒரு டயரைக் கழற்றிக் கையில் எடுத்ததும் அது எப்படி ஓடியது என்று சொல்லிவிடுவேன்.

நடு தட்டையாவது பற்றி நாற்கரச் சாலை தம்பி சொன்னதில் பாதிதான் சாலையின் குற்றம். மீதிப் பாதி காற்று. பெட்ரோல் பங்கில் 'பெரிய வண்டி' என்றால் பையன்கள் காற்றை 40, 42 பி.எஸ்.ஐ. என்று ஏற்றிவிடுகிறார்கள். நின்ஜா 650க்கு நிறுவனம் சொல்வது முன் 32, பின் 36. அதற்கு மேலே போனால் டயர் உருண்டு நிற்கும், நடு மட்டும்தான் தரையில் படும். இன்னொரு கூட்டம் இருக்கிறது: நூறு கி.மீ. ஓடிச் சூடான டயரில் அளந்துவிட்டு, ஏறியிருக்கிறதே என்று காற்றை இறக்குகிறவர்கள். குளிர்ந்த பிறகு அந்த டயரில் காற்றுக் குறைவாகத்தான் இருக்கும், பக்கச் சுவர் மடங்கி மடங்கி இன்னும் சூடேறும். காலையில் வண்டியை எடுப்பதற்கு முன், நிழலில், கையடக்க அழுத்தமானி வைத்துப் பாருங்கள். பங்கிலிருக்கும் மீட்டரை நம்பாதீர்கள்.

மென்கலவை ஓரத்துக்குப் பணம் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் டயர்களில் ஓரத்து முளைமயிர் அப்படியே இருக்கிறது. வருத்தமாகத்தான் இருக்கும், அவ்வளவு நல்ல ரப்பர்.

நாற்கரச் சாலை தம்பிக்கு ஒரு கேள்வி. பின்னால் ரோட்ஹவுண்ட் என்று எழுதினீர்கள். முன்னால் என்ன?

ஈப்போவிலிருந்து:

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன், குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். வெயில் ஐரோப்பியக் கலவையை அழிக்கிறது என்பதை ஏற்க முடியவில்லை. இங்கேயும் ஆண்டு முழுவதும் அதே வெயில், அதோடு பிற்பகல் ஆனால் மழை. சிம்பாங் புலாய் வழியாகக் கேமரன் மலைக்கு ஏறி இறங்குவதுதான் என் வார இறுதி. பிரெல்லி ஏஞ்சல் ஜிடி 2 பின் டயர் எனக்கு 13,000 கி.மீ. வந்தது, நடு தட்டையானது கடைசி 2,000இல்தான். உங்கள் தேய்மானத்துக்கு வெயில் அல்லாத வேறு காரணம் இருக்க வேண்டும்.

ஒரு தகவல். இந்த வரிசையின் மூத்த டயரான 2009ஆம் ஆண்டு ஏஞ்சல் எஸ்டியில் பள்ளங்களின் வடிவம் புதிதில் தேவதையாகத் தெரியும், தேய்ந்ததும் பிசாசாக மாறும். என் அண்ணன் வண்டியில் சிறுவயதில் அதைத் தினமும் போய்ப் பார்ப்பேன். டயர் மீது எனக்கு ஆசை வந்தது அங்கேதான்.

நாற்கரச் சாலை:

ஈப்போ நண்பரே, வேறு காரணம் என்றால் சாலையின் மேல்பரப்பைச் சொல்வேன். எங்கள் நாற்கரச் சாலையில் பல இடங்களில் வேகத்தைக் குறைக்கத் தடித்த வெள்ளைக் கோடுகளை அடுக்கடுக்காகப் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு ஊர் வாசலிலும் பிரேக், மறுபடி ஆக்ஸிலரேட்டர் முறுக்கு. பிறகு ஒட்டுப்போட்ட இடங்களில் துருத்தும் ஜல்லி. நெல்லும் உளுந்தும் காயப்போட்ட சாலையோரம் வேறு. அதில் எந்த நாட்டு டயரும் நிற்காது. இருந்தாலும் வெயில் மட்டும்தான் காரணம் என்று எழுதியது அவசரம். அதைத் திரும்பப் பெறுகிறேன்.

டயர்க்கடை அண்ணனுக்குப் பதில். முன்னால் பழைய ஐரோப்பிய டயர்தான். பின் டயர் மட்டும்தான் தட்டையானது. முன்னால் பட்டன் நன்றாக இருந்ததால் மாற்றவில்லை.

கொல்லிமலைக் காற்று:

நண்பரே, அப்படியென்றால் இரண்டு மழைக்காலமாக உங்களை நிறுத்தியது எது? ஈரத்தில் பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் போகிறது. நிறுத்துவதில் பெரும்பங்கு முன் சக்கரத்துடையது. வளைவுக்குள் வண்டியைத் திருப்புவதும் அதுதான். பின் டயரை மட்டும் மாற்றிவிட்டு 'பாதி விலை டயர் மழையில் போதும்' என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் போதும் என்று சொல்லும் டயரையே நீங்கள் பாதிதான் சோதித்திருக்கிறீர்கள்.

நாற்கரச் சாலை:

நியாயம். அதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். மறைக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. பின் டயர்தான் டயர் என்று நினைத்துப் பழகிவிட்டது. நெடுஞ்சாலையில் ஓடுகிறவர்களுக்கு மாற்ற வேண்டி வருவது அதுதானே.

ஆனால் பின் டயர் மழையில் வேலையே செய்யவில்லை என்று சொல்லாதீர்கள். திண்டிவனம் தாண்டி ஒரு முறை தேங்கிய தண்ணீரில் 80இல் போய்விட்டேன்; பின்பக்கம் ஆடவில்லை. முறுக்கும்போது வழுக்குவதும் பின் சக்கரம்தான்.

டயர்க்கடை மதுரை:

இரண்டு பேர் சொல்வதும் என் கடையில் தினமும் நடக்கிறது. இரண்டும் ரேடியலாக இருப்பதால் ஓடும். முன்னால் ரேடியல், பின்னால் சாதா நூல் டயர் (நூல்கள் சாய்வாகப் பின்னியது) என்று கலந்து வருகிறவர்களுக்கு நான் மாட்டித் தருவதில்லை. திருப்பத்தில் இரண்டும் இரண்டு விதமாக நெளியும். சண்டை போட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போவார்கள், போகட்டும்.

விலை பற்றி ஒன்று. மலை ஏறாதவருக்கு 34,000 ரூபாய் டயரை நான் விற்க மாட்டேன். மலை ஏறுகிறவர் பேரம் பேசினால் முன் டயரில் மிச்சம் பிடிக்க விடமாட்டேன்.

ஆனைமலை:

அண்ணன் சொல்வதை ஏற்கிறேன், ஒரு திருத்தத்தோடு. பட்டனைப் பார்த்து முன் டயரை நம்பியதுதான் என் மணிக்கட்டை உடைத்தது. முன் டயர் மெதுவாகத் தேயும், அதனால் இரண்டு பின் டயர் மாறும் வரை ஓடும். தேயாமலே வயதாகும். நாற்கரச் சாலை அவர்களே, நான்கு இலக்கத்தை இன்னும் நீங்கள் சொல்லவில்லை.

கொல்லிமலைக் காற்று:

நானும் கேட்கிறேன். கேட்பது வாதத்தில் வெல்வதற்காக இல்லை. அடுத்த மாதம் வடகிழக்குப் பருவமழை வலுக்கும், நீங்கள் வாரம் 900 கி.மீ. ஓடுகிறீர்கள்.

நாற்கரச் சாலை:

இப்போதுதான் கீழே போய் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வந்தேன். பின்னால் 1124. முன்னால் 0620.

ஓரத்தில் மயிரிழை வெடிப்புகள் இருக்கின்றன. பகலில் கண்ணில் படவில்லை, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தபோதுதான் தெரிந்தது. நகத்தால் அழுத்தியும் பார்த்தேன், தடம் விழவில்லை.

இந்த வாரம் மதுரைக்கு ரயிலில் போகிறேன். முன்னாலும் ரோட்ஹவுண்ட்தான் போடப்போகிறேன், வாரத்தைப் பார்த்து. இரண்டு சக்கரத்திலும் ஒரே டயரோடு இந்த மழைக்காலம் ஓட்டிவிட்டு, ஜனவரியில் இதே இடத்தில் எழுதுகிறேன். அப்போது கொல்லிமலைக்கு நானும் வருகிறேன். எழுபது வளைவும் இறங்கிப் பார்த்த பிறகு, 34,000 ரூபாய் பற்றி மறுபடி பேசலாம்.

கொல்லிமலைக் காற்று:

காரவள்ளியில் காத்திருக்கிறேன். காலை ஆறு மணிக்கு வாருங்கள், இரண்டு வண்டியிலும் குளிர்ந்த டயரில் காற்றை அளந்துவிட்டு ஏறலாம்.