தமிழும் அவளுக்குப் பாடம்தான்

கோத்தகிரிப் பக்கம், மூன்றாம் வகுப்பு ஆசிரியை:

நான் செய்த தப்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன். போன வருடம் ஜூலையில் ஒரு பெண் குழந்தை எங்கள் ஆங்கில வழிப் பிரிவில் சேர்ந்தாள். அப்பா, அம்மா இருவரும் ஜார்க்கண்டிலிருந்து வந்து எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவர்கள். வருகைப் பதிவின்போது மட்டும் 'ப்ரெசென்ட் டீச்சர்' என்று உதடு அசையும். அவ்வளவுதான்.

நான் இங்கிலீஷ் நடத்துகிற விதம் நம்மில் பெரும்பாலோர் நடத்துகிற விதம்தான். ஒரு வரி வாசிப்பேன், உடனே தமிழில் சொல்வேன். 'திஸ் இஸ் எ ரூட், அதாவது வேர்.' பிள்ளைகள் தலையாட்டுவார்கள். அவளும் ஆட்டுவாள். அந்தத் தலையாட்டலில்தான் நான் ஏமாந்தேன். எழுதச் சொன்னால் பக்கம் காலியாக இருக்கும், அல்லது பலகையில் இருப்பது அப்படியே, தேதி உட்பட, அச்சு மாதிரி இருக்கும். தீபாவளிக்குள் 'மெல்லக் கற்போர்' பட்டியலில் அவள் பெயரைச் சேர்த்துவிட்டேன். அரசின் எண்ணும் எழுத்தும் திட்ட வகுப்பில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிக்கிறோமே, அதில் முதல் நிலையான அரும்பிலேயே உட்கார்ந்திருந்தாள். எனக்கு உறுத்தவே இல்லை.

நவம்பரில் தாவரத்தின் பாகங்கள். பலகையில் செம்பருத்தி வரைந்தேன். என் ஓவியத்தைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே நல்லது. சரி, நிஜச் செடியையே காட்டுவோம் என்று வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த தேயிலையில் ஒரு கிளையை ஒடித்து வந்து மேசையில் வைத்தேன். 'லீஃப்', 'பட்', 'ஸ்டெம்' என்று தொட்டுத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். யாரும் கூப்பிடாமல் அவள் எழுந்து வந்தாள். கிளையை என் கையிலிருந்து வாங்கினாள். கட்டைவிரல் நகத்தால் ஒரு கிள்ளு. இரண்டு இலையும் ஒரு மொட்டும் என் உள்ளங்கையில். மீதியை மடக்கிக் காட்டினாள், அது ஒடியவில்லை, நார் நாராக மடங்கியது. கொழுந்தை ஒடித்தாள், டக்கென்று ஒடிந்தது. ஏதோ விளக்கமாகச் சொன்னாள், நீளமாகவே. எனக்குப் புரியவில்லை, வகுப்பில் யாருக்குமே புரியவில்லை. ஆனால் அது ஒரு பாடம் என்பது எல்லாருக்கும் தெரிந்தது.

ராத்திரி தூக்கமே வரவில்லை. ஆங்கிலம் புரியாத குழந்தைக்குத் தமிழில் விளக்குகிறேன் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்குத் தமிழே ஒரு பாடம். ஒரு பூட்டைத் திறக்க இன்னொரு பூட்டைக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இதில் எனக்கு இன்னொரு வெட்கமும் உண்டு. 1964ல் இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பி வந்த தோட்டக் குடும்பம் எங்களுடையது. என் அம்மா இங்கே கடையில் 'பாண்' (இலங்கையில் ரொட்டிக்கு அதுதான் பெயர்) கேட்டுப் பட்ட கேலியை அவர் வாயாலேயே பல தடவை கேட்டிருக்கிறேன். அவர் பேசியதும் தமிழ்தான், அதற்கே அந்தப் பாடு. அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவள் நான், என் வகுப்பில் இருக்கிற குழந்தையின் வீட்டு மொழி என்ன என்று ஐந்து மாதமாகக் கேட்கவில்லை.

சந்தையில் அவள் அம்மாவைப் பிடித்தேன். அவருக்குக் கிலோ, கூலி, நாளைக்கு, மழை, இந்த அளவுக்குத் தமிழ் வரும். நான் இந்தி என்று நினைத்து போனில் இந்தி வார்த்தையெல்லாம் தேடி வைத்திருந்தேன். அவர்கள் வீட்டில் பேசுவது சாத்ரி, ஜார்க்கண்ட் பக்கத்து மொழி. அங்கேயே நின்று ஒரு வாக்கியம் கற்றுக்கொண்டேன்: 'ஈ கா ஹேகே?' இது என்ன என்று அர்த்தம்.

மறுநாள் வகுப்பில் டஸ்டரைத் தூக்கிக் காட்டி அதைக் கேட்டேன். என் உச்சரிப்புக்கு அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். பிறகு என்னைத் திருத்தினாள், மூன்று தடவை, சலிக்காமல். 'வாட் இஸ் திஸ்', 'இது என்ன', 'ஈ கா ஹேகே' மூன்றையும் ஒரே அட்டையில் தமிழ் எழுத்தில் எழுதி ஒட்டினோம். எங்கள் நீலகிரியின் படுகர் வீட்டுப் பெண் ஒருத்தி எழுந்து, 'டீச்சர், எங்க வீட்ல ஒந்து, எரடு, மூருன்னு எண்ணுவோம், அதையும் எழுதுங்க' என்றாள். எழுதினோம். பாலுக்கு அவர்கள் வீட்டில் 'ஹாலு'. ஆங்கில 'ஹ' அந்தப் பிள்ளைகளுக்குச் சுலபமாக வருவது ஏன் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

இப்போது நான் செய்வது பெரிதாக ஒன்றுமில்லை. முதலில் பொருள், அல்லது செய்கை. அப்புறம் ஆங்கில வார்த்தை. தமிழ் தேவைப்பட்டால் கடைசியில். கேள்வி கேட்டால் மனசுக்குள் ஐந்து வரை எண்ணிவிட்டுத்தான் அடுத்த ஆளிடம் போகிறேன். 'ஐ கேன் சீ…', 'இட் ஹேஸ்…' என்று வாக்கியத்தின் தலையை மட்டும் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுக்கிறேன், வாலை அவர்கள் ஒட்டிக்கொள்வார்கள். பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுத்துவிட்டேன். உங்கள் வகுப்புகளில் என்ன நடக்கிறது, சொல்லுங்கள்.

உதகை, ஆசிரியர் பயிற்றுநர்:

டீச்சர், நீங்கள் ஐந்து வரை எண்ணுகிறீர்கள் இல்லையா, அதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளைப் போட்டுக் கேட்டார். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் காத்திருப்பது ஏறக்குறைய ஒரு விநாடி. அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியதும் பிள்ளைகளின் பதில் நீண்டது, அதுவரை வாய் திறக்காதவர்களும் பேசினார்கள். ஆங்கிலமே தாய்மொழியான வகுப்பில் இது. கேள்வியை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும், தமிழிலிருந்து சாத்ரிக்கும் கொண்டுபோய்ப் பதிலோடு அதே வழியில் திரும்பி வர வேண்டிய குழந்தைக்கு ஒரு விநாடி எம்மாத்திரம்?

இன்னொன்று. 'நல்லாப் பேசுறான் சார், பரீட்சைல மட்டும் கோட்டை விடுறான்' என்று எந்தப் பள்ளிக்குப் போனாலும் கேட்கிறேன். கனடாவின் ஜிம் கம்மின்ஸ் 1979லேயே இந்த இரண்டையும் பிரித்துச் சொன்னார். விளையாட்டு மைதானத்து மொழி இரண்டு வருடத்தில் ஒட்டிக்கொள்ளும். பாடப்புத்தக மொழிக்கு ஐந்து வருடம், சில பேருக்கு ஏழுகூட ஆகும். 'கிவ் மீ பால்' என்று சொல்கிற பையனிடம் 'கம்பேர்', 'எக்ஸ்ப்ளெய்ன்' என்று கேட்டால் அது வேறு மொழி மாதிரிதான். மைதானத்தில் பேசுவதைப் பார்த்துவிட்டு உதவியை நிறுத்திவிடாதீர்கள்.

பந்தலூர், ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர்:

எங்கள் பக்கம் ஒரே பெஞ்சில் பணியர் பழங்குடிப் பிள்ளை, மலையாளம் பேசுகிற பிள்ளை, இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர் வீட்டுப் பிள்ளை மூன்றும் உட்கார்ந்திருக்கும். ஒரு சம்பவம் மட்டும் சொல்கிறேன்.

விடுப்புக் கடிதம் எல்லாருக்கும் தெரியும். 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்று தொடங்கி 'யுவர்ஸ் ஒபீடியன்ட்லி'யில் முடியும். நாட்டில் பாதிப் பேருக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே ஆங்கிலக் கட்டுரை அதுதான். யாருக்கு என்ன ஆனாலும் அதில் காய்ச்சல்தான். ஆறாம் வகுப்புப் பணியர் பையன் ஒருவன் இரண்டு நாள் வரவில்லை. வந்ததும் கடிதம் கேட்டேன். கிழித்த தாளில் இரண்டே வரி: 'எலிஃபேண்ட் கம். ஐ நோ கம்.'

சிவப்புப் பேனாவைத் திறந்துவிட்டேன். நல்ல வேளை, கை நின்றது. பாதையில் யானை நின்றது உண்மை, முதல் நாள் நானே ஜீப்பில் திரும்பிப் போனவன். அந்த வகுப்பில் காய்ச்சல் இல்லாமல் வந்த முதல் உண்மையான கடிதம் அது. தாளில் கை வைக்கவில்லை. பலகைக்குப் போய், 'ஓ, அன் எலிஃபேண்ட் கேம். சோ ஐ டிட் நாட் கம்' என்று அவன் சொன்னதையே சரியான வடிவில் திருப்பிச் சொன்னபடி எழுதினேன். தப்பு என்ற வார்த்தையே எடுக்கவில்லை. அடுத்த நாள் யாருக்குமே விடுப்பு இல்லை, ஆனால் வகுப்பு முழுக்கக் கடிதம் எழுதிக்கொண்டு வந்தது. மழை கேம், பாட்டி கேம், ஆடு குட்டி கேம். எல்லாவற்றிலும் 'சோ' சரியாக விழுந்திருந்தது. இலக்கணப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அந்த 'சோ'வுக்கு நான் ஒரு மாதம் மன்றாடியிருக்கிறேன்.

குன்னூர், தனியார் பள்ளி ஆசிரியை:

எல்லாம் படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. என் வகுப்பில் 42 பேர், ஒரு பீரியட் 40 நிமிடம். ஆளுக்கு ஒரு நிமிடம்கூட வராது. ஆளுக்கு ஐந்து விநாடி காத்திருந்தால் சிலபஸை யார் முடிப்பது? மூன்று மொழி தெரிந்திருக்க நான் மொழிபெயர்ப்பாளரும் இல்லை. மேலிடத்திலிருந்து கேட்பது நோட்டு திருத்தினாயா என்பதை மட்டும்தான்.

பூம்பாறை, ஒரு அம்மா:

நான் டீச்சர் இல்லைங்க. எங்களுக்குப் பூண்டு விவசாயம். 2019ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்த மலைப்பூண்டுதான். பையனுக்குக் கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இட ஒதுக்கீட்டில் ஒரு ஆங்கிலப் பள்ளியில் இடம் கிடைத்தது. சந்தோஷமாகச் சேர்த்தோம். முதல் கூட்டத்திலேயே மிஸ் சொன்னார்கள், 'வீட்ல இங்கிலீஷ்ல பேசுங்க, அப்பதான் வரும்.'

நாங்களும் முயற்சி செய்தோம். எனக்கும் அவங்க அப்பாவுக்கும் தெரிந்த இங்கிலீஷ் எங்கள் நாய்க்குத் தெரிந்த இங்கிலீஷ்தான்: கம், சிட், ஈட், கோ. பையனிடம் அதையே சொல்லிக்கொண்டிருந்தோம். நாய் எழுந்து வந்தது, பையன் வரவில்லை. சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு மாதத்தில் சாப்பிடும்போது வீட்டில் பேச்சே நின்றுபோனது. முன்னெல்லாம் ஸ்கூலில் நடந்ததை ஒன்று விடாமல் சொல்கிற பிள்ளை, தமிழில் சொன்னால் தப்போ என்று வாயை மூடிக்கொண்டான்.

அடுத்த வருடம் வந்த மிஸ் வேறு மாதிரி. 'நீங்க தமிழ்லயே நல்லாப் பேசுங்க. இன்னைக்கு என்ன படிச்சேன்னு தினமும் கேளுங்க, அது போதும்' என்றார்கள். ஒரு நாள் தண்ணீர் ஆவியாகிறதைப் பற்றிப் பாடம். தொங்கவிட்டிருந்த பூண்டுக் கட்டைக் காட்டி, 'இதிலிருந்து தண்ணி எங்கம்மா போகுது, காத்துக்குள்ளதான் போகுது, அதான் எடை குறையுது' என்று எனக்கே விளக்கினான். எடை குறைந்தால் காசு குறையும் என்பது எனக்குத் தெரியும், தண்ணி எங்கே போகிறது என்று யோசித்ததில்லை. விஷயம் தமிழில் மனசில் உட்கார்ந்துவிட்டதால் இங்கிலீஷில் அதற்கு வார்த்தை மட்டும் தேடினால் போதும் என்று மிஸ் சொன்னார்கள். டைரியில் எழுதி அனுப்புகிறதை என்னால் படிக்க முடியாது என்று தைரியமாகச் சொல்லிவிட்டேன். இப்போது போனில் குரல் பதிவாக அனுப்புகிறார்கள்.

குன்னூர்க்காரி, இப்போது நியூ ஜெர்சியில்:

அந்த அம்மா எழுதியதை என் கணவருக்கும் வாசித்துக் காட்டினேன். நாங்கள் படுகர். இங்கே பள்ளியில் சேர்க்கும்போது வீட்டில் என்ன மொழி என்று ஒரு படிவம் தருவார்கள். நான் பழக்கதோஷத்தில் 'தமிழ்' என்று எழுதினேன். ஊரிலும் எல்லாப் படிவத்திலும் அப்படித்தானே எழுதுவோம்! ஆங்கிலம் கற்கும் பிள்ளை என்று மகளை வகைப்படுத்தி, அக்கறையாகத் தமிழ் வார்த்தை அட்டைகளைத் தேடிப்பிடித்துக் கொடுத்தார்கள். அவள் ஹெத்தேயோடு, அதாவது பாட்டியோடு வளர்ந்தவள், அவளுக்கு எங்கள் மொழியான படுகு மட்டும்தான் தெரியும். தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. டீச்சர் என்னைக் கூப்பிட்டு, 'உங்கள் மொழியே வாசிக்கத் தெரியவில்லையே' என்று கவலைப்பட்டார். தப்பு என் பேனாவில். கோத்தகிரி டீச்சர் செய்ததை நான் பெற்ற தாயாக இருந்தே செய்திருக்கிறேன்.

படிவத்தைத் திருத்திக் கொடுத்தோம். இங்கே இதற்குத் தனி ஆசிரியர் உண்டு. பிள்ளையை வெளியே கூட்டிப்போவதும் உண்டு, வகுப்புக்குள்ளேயே பக்கத்தில் உட்கார்ந்து உதவுவதும் உண்டு. மகளுக்கு இரண்டாவதுதான் பிடித்தது. வெளியே போய் வந்தால், வகுப்பில் நடந்த வேடிக்கை எதுவும் தெரியாமல் போகிறதாம். இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் ஒரு வழக்கு இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோவில் சீன மொழி பேசும் பிள்ளைகள் சார்பில் போட்டது, லாவ் எதிர் நிக்கோல்ஸ். 1974ல் உச்ச நீதிமன்றம், எல்லாருக்கும் ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர் கொடுத்துவிட்டால் மட்டும் சமமாக நடத்தியதாக ஆகாது, மொழி புரியாத பிள்ளைக்கு அது கல்வியே இல்லை என்று சொன்னது. ஆனால் சட்டம் இருந்தும், படிவத்தில் சரியான பெயரை நாம்தான் எழுத வேண்டியிருக்கிறது.

கோத்தகிரிப் பக்கம், மூன்றாம் வகுப்பு ஆசிரியை:

குன்னூர் மேடத்துக்கு: 42 பேர் என்பது நியாயமான கஷ்டம், அதை நான் மறுக்கவில்லை. என்னிடம் அதில் பாதிதான். எல்லாக் கேள்விக்கும் காத்திருக்க வேண்டாம். பீரியடுக்கு இரண்டு கேள்வி போதும். முதலில் பக்கத்துப் பிள்ளையிடம் எந்த மொழியிலாவது பேசிக்கொள்ளச் சொல்லுங்கள், அப்புறம் கேளுங்கள். பேசவிட்டால் சத்தம் வரும், அதற்கு எனக்கும் பக்கத்து வகுப்பு டீச்சருக்கும் ஒரு தடவை மனஸ்தாபமே வந்தது. மூன்று மொழியும் நாம் கற்க வேண்டியதில்லை. எனக்கு சாத்ரியில் இன்னும் அந்த ஒரு வாக்கியம்தான் தெரியும், அதையும் அவள் இன்னும் திருத்திக்கொண்டுதான் இருக்கிறாள்.

குன்னூர், தனியார் பள்ளி ஆசிரியை:

இன்றைக்கு மூன்றாவது பீரியடில் முயற்சி செய்தேன். அஸ்ஸாமிலிருந்து வந்த ஒரு பையனிடம் கேள்வி கேட்டுவிட்டு எண்ண ஆரம்பித்தேன். மூன்றில் அவன் பேனாவைக் கீழே வைத்தான். நாலில் வாயைத் திறந்தான். பொறுக்க முடியாமல் நானே பதிலைச் சொல்லிவிட்டேன். நாளைக்கு மறுபடியும் கேட்கிறேன்.