விடுதியில் காய்கறி, பழம் சாப்பிட என்ன வழி?

கேள்வி (முதுகலை மாணவி, மதுரை):
விடுதிக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. காலையில் பொங்கல் அல்லது பூரி, மதியம் சாம்பாரில் இரண்டு துண்டு முருங்கைக்காய், இரவு சப்பாத்தியும் உருளைக்கிழங்கு குருமாவும். பழம் என்றால் ஞாயிற்றுக்கிழமை தரும் ஒற்றை வாழைப்பழம்தான். வீட்டில் அம்மா வாரம் மூன்று நாள் கீரை கடைவார். இங்கே கீரையைக் கண்ணால் பார்க்கவே முடியவில்லை. மலச்சிக்கலால் மிகவும் அவதிப்படுகிறேன். அறையில் அடுப்பு வைக்க அனுமதி இல்லை.

பதில் (உணவியல் படித்தவர்):
தங்கையே, நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கறியும் பழமும் வேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பு. அந்தக் கணக்கில் உருளைக்கிழங்கு சேராது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. கேரட், வெள்ளரிக்கு அடுப்பு தேவையில்லை. நன்றாகக் கழுவினால் போதும். கொய்யாவை விடவே விடாதீர்கள். ஆரஞ்சைவிட வைட்டமின் சி, நார்ச்சத்து இரண்டும் அதில் அதிகம். தண்ணீரும் நிறையக் குடியுங்கள். இரண்டு வாரத்தில் சரியாகாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள்.

பதில் (முன்னாள் விடுதி மாணவர்):
நான் உணவுக் குழுவில் இருந்தபோது முட்டைக்கோஸ் பொரியல் தினமும் குப்பைக்குப் போனது. குழையக் குழைய வேகவைத்திருந்தார்கள். சமையல்கார அண்ணனிடம் சீக்கிரம் இறக்கித் தேங்காய்ப்பூ தூவச் சொன்னோம். மறுவாரமே பாத்திரம் காலியானது. நீங்களும் அவர்களிடம் நேரில் பேசுங்கள், சகோதரி.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. இன்று மாலை தள்ளுவண்டியில் ஒரு கிலோ கொய்யா வாங்கி, அறைத்தோழிகள் நால்வரும் பகிர்ந்துகொண்டோம். கீரையைப் பற்றி நாளை சமையலறையில் கேட்கிறேன்.