வீடணன் துரோகியா, வீரனா? எங்கே வளர்ந்தோம் என்பதைப் பொறுத்ததா?

கூத்துக்கார வீடு:
நான் திருவண்ணாமலைப் பக்கம். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் விடிய விடிய கர்ண மோட்சம் பார்த்து வளர்ந்தவன். எதிரே நிற்பது கூடப்பிறந்த தம்பிகள் என்று தெரிந்த பிறகும் சோறு போட்டவனை விட்டுப் போகாத கர்ணனுக்காக எங்கள் ஊரே அழும். செஞ்சோற்றுக் கடன் என்றால் எங்களுக்கு அதுதான். போர் வருகிற நேரத்தில் அண்ணனை விட்டு எதிரியிடம் போன வீடணனை என்னால் ஏற்கவே முடியவில்லை. வீட்டு ரகசியம் அறிந்தவன்தான் லங்கையைச் சாய்ப்பான் என்று இந்திக்காரர்கள் பழமொழியே வைத்திருக்கிறார்கள்.

தெற்கு வாசல்:
எனக்கு ஸ்ரீரங்கம். எங்கள் வீட்டில் அவர் விபீஷணாழ்வான். பெருமாள் தெற்கே பார்த்துப் படுத்திருப்பதே இலங்கையில் இருக்கும் அவருக்காகத்தான் என்று சொல்லித்தான் பாட்டி சோறூட்டுவாள். எங்கள் தெருவில் வளர்ந்திருந்தால் நீங்களும் இப்படித்தான் பேசுவீர்கள். அப்புறம், அவர் ஓடிப்போகவில்லை. சீதையை விட்டுவிடு என்று சபையிலேயே சொன்னார், என் கண்ணெதிரே நின்றால் சாவாய் என்று அண்ணன் விரட்டிய பிறகுதான் நான்கு பேரோடு கிளம்பினார். வாயை மூடிக்கொண்டு கூடவே இருந்திருந்தால் நல்ல தம்பியா?

கூத்துக்கார வீடு:
விரட்டினால் போகட்டும் அண்ணா, எங்காவது காட்டுக்குப் போயிருக்கலாமே. இந்திரசித்து நிகும்பலையில் வேள்வி செய்கிறான், முடித்துவிட்டால் அவனை ஜெயிக்க முடியாது, இப்போதே போய்க் கலைக்க வேண்டும் என்று சொல்லி இலக்குவனைக் கூட்டிப்போனது யார்? கண்முன்னே வளர்ந்த அண்ணன் பிள்ளை அவன். இதில் கூத்து மட்டும் இல்லை. எங்கள் நிலத் தகராறில் ஒரு பங்காளி பத்திர விவரம் எல்லாவற்றையும் எதிர்த்தரப்பு வக்கீலிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். நியாயம் அந்தப் பக்கம் என்றுதான் அவரும் சொன்னார். அப்பா சாகும்வரை அவர் முகத்தில் விழிக்கவில்லை.

களனி ஓரம்:
நான் கொழும்பு. இங்கே களனி விகாரையில் விபீஷணனுக்குத் தனிக் கோயிலே இருக்கிறது, சிங்களச் சனம் பழத்தட்டோடு வந்து கும்பிடுகிறது. எந்த நாட்டைக் காட்டிக்கொடுத்தார் என்கிறீர்களோ, அந்த நாட்டுக்கே அவர் காவல் தெய்வம்.

தெற்கு வாசல்:
தம்பி, உங்கள் அப்பாவின் வலியோடு நான் வாதாட மாட்டேன். ஆனால் கம்பனில் கும்பகர்ணனைப் பாருங்கள். இராமனிடம் வந்துவிடு என்று வீடணன் போர்க்களத்துக்கே போய் அழைக்கிறார். நெடுநாள் வளர்த்துப் போர்க்கோலம் செய்து அனுப்பியவனுக்கு உயிரைக் கொடுக்காமல் வரமாட்டேன் என்கிறான், அப்படியே உங்கள் கர்ணன். அதே வாயால், நீ அங்கேயே இரு, நாங்கள் எல்லோரும் செத்தால் எள்ளும் தண்ணீரும் இறைக்க வேறு யார் இருக்கிறார்கள் என்றும் கேட்கிறான். துரோகி என்று நினைத்தவனிடம் கடைசிக் கடனை ஒப்படைப்பானா?

கூத்துக்கார வீடு:
அந்த இடம் எனக்கும் தொண்டையை அடைக்கும். ஆனால் நாங்கள் அழுவது கும்பகர்ணனுக்காக. தம்பி போனதை அவன் பொறுத்துக்கொண்டான், சரி. நிகும்பலைக்கு வழிகாட்டியது அதற்கு அப்புறம்தானே அண்ணா, அதைப் பார்க்க அவன் உயிரோடு இல்லை.